பதினேழாவது படி

எங்கள் மாடி அறையை வாடகைக்குக் கேட்டு வந்த அன்று, அவர் முதலில் விசாரித்தது வாடகையை அல்ல, தண்ணீர் வருமா என்பதையும் அல்ல.

"மாடிக்கு எத்தனை படிம்மா?" என்றார்.

"பதினாறு" என்றேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் மிளகாயும் புளியும் காயப்போட நான் ஏறி இறங்குகிற படி. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறிவிடுவேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஏறினார். ஒவ்வொரு படிக்கும் உதடு அசைந்தது. மேலே போய் நின்று, "பதினேழு" என்றார். இறங்கும்போதும் எண்ணினார். "பதினேழுதான். முற்றத்துக்கு சிமெண்ட் பூசும்போது அடிப்படியைப் பாதி மூடிட்டாங்க. அதை நீங்க படின்னே நினைக்கிறதில்ல. ஆனா தினமும் அதுலதான் காலை வைக்கிறீங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. அடுப்படிக்குள் வந்து என் கணவரிடம், "இந்த ஆளு வேணாங்க. வந்ததும் வராததுமா நம்ம வீட்டுப் படிய நமக்கே சொல்லித் தர்றாரு" என்றேன்.

"எண்ணுனா எண்ணிட்டுப் போறாரு. ஒத்தையாளு, பீடி சிகரெட்டு கெடையாதுங்கிறாரு. பெறகென்ன ஒனக்கு?" என்றார் என் கணவர்.

தேவாரத்தில் எங்கள் வீடு மலையைப் பார்த்த வீடு. மாடியில் நின்றால் மேற்கே கண்ணுக்கு எட்டியமட்டும் மலைதான். அதற்கு அந்தப் பக்கம் கேரளா. அந்த மலைக்காகத்தான் அவர் அறையைக் கேட்டிருக்கிறார் என்பது போகப் போகத் தெரிந்தது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "நான் எழுதச் சொன்னேன்னு யாரு சொன்னது?" என்று எங்கிருந்தாவது கேட்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் மேப்புக்காரர்.

இரண்டு பெட்டி, ஒரு பாய், ஆள் உயரத்துக்கு ஒரு தகரக் குழல். இவ்வளவுதான் கொண்டுவந்தார். அந்தக் குழலைப் பார்த்துத் தெருவில் பாதிப் பேர் துப்பாக்கி என்றே முடிவு செய்துவிட்டார்கள். நான் காப்பி கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். குழலுக்குள் சுருட்டி வைத்த பெரிய பெரிய தாள்கள். ஒன்றைத் தரையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலைக்கும் கனம் தேடினார். கடைசியில் என் அம்மிக் குழவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சட்னி அரைக்கும் நேரத்தில் குழவி மாடியில்தான் இருக்கும்.

தாள் முழுக்கப் பச்சை. அதன் மேல் செம்மண் நிறத்தில் மெல்லிய கோடுகள். கல்லில் மாவை ஊற்றிக் கரண்டியால் இழுத்துவிட்டால் தோசையில் சுற்றுச் சுற்றாக வரி விழுமே, அந்த மாதிரி.

"இது என்னங்க சார்?"

"உங்க மலை" என்றார். "ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இருபது மீட்டர் உயரம். கோடு நெருங்கி நின்னா செங்குத்து. விலகி நின்னா சமதரை. கோடு மலைப்பக்கமா மூக்கை நீட்டுச்சுன்னா அங்க ஓடை இறங்குது. ஒரே கோட்டு மேல நடந்தீங்கன்னா ஏத்தமும் கிடையாது, இறக்கமும் கிடையாது."

"இதெல்லாம் எதுக்கு ஒங்களுக்கு?"

"சரியா இருக்கான்னு பாக்க."

யார் அனுப்பியது, யாரிடம் கொடுக்கப்போகிறார், ஒன்றும் சொல்லவில்லை. எங்கேயோ படம் வரைகிற அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் தெரியும். பெண்டாட்டி பிள்ளை பற்றிக் கேட்டால், "இருக்காங்க" என்பார். எங்கே என்று சொல்லமாட்டார்.

அவர் வாயில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். "யாரு போய்ப் பாத்தது?" அதுதான். ஓடைக்கு இரண்டு கிலோமீட்டர் என்று டீக்கடைக்காரர் சொன்னால், "யாரு போய்ப் பாத்தது?" மறுநாள் அவரே நடந்து போய் வந்து, "ஒண்ணே முக்கால்கூட இல்ல" என்பார். இந்த வருஷம் கோடை மழை உண்டு என்று நான் சொன்னால், "யாரு போய்ப் பாத்தது?" ஒருநாள் கோபத்தில், "சாமி இருக்குன்னு சொன்னாலும் இதைத்தான் கேப்பீகளா?" என்று கேட்டுவிட்டேன். "அதை நீங்க போய்ப் பாத்திருப்பீங்க. நான் பாக்கலை. அதனால பேசமாட்டேன்" என்றார். எங்கள் பூஜை அறை வாசலைக்கூட அவர் மிதித்தது கிடையாது.

ஊர் அவரை விடவில்லை. காலையில் தொப்பி, தண்ணீர்ப் பாட்டில், நோட்டு என்று அடிவாரத்துக்குப் போவார். ஆடு மேய்ப்பவர்களிடம் பாறைக்குப் பேர் கேட்பார், பள்ளத்துக்குப் பேர் கேட்பார். எழுதிக்கொள்வார். டீக்கடையில் அவர் உட்கார்ந்து வரக்காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு நடக்கும்.

"ஏலே, இவரு பாரஸ்ட்டு ஆளுதாம்லே. மொதல்ல எழுதுவாக, பெறகு கல்லு நடுவாக, பெறகு நம்மள அங்கன போகாதம்பாக."

"இல்லண்ணே, ரிசார்ட்டு கட்ட எடம் பாக்க வந்துருக்காரு. எஸ்டேட்டுக்காரக அனுப்புன ஆளு."

"போங்கடா. பொதையலு. கோட்டப் பாத்தாலே தெரியல?"

மேப்புக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மூணுல எதுன்னு போய்ப் பாத்துட்டு எனக்கும் சொல்லுங்க" என்று எழுந்து போவார்.

சிரித்தார்கள். ஆனால் சந்தேகம் போகவில்லை. எனக்கும்தான். நான் சந்தேகப்பட எனக்கு வேறு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் குலதெய்வம் மலைக்காத்த அம்மன். மலைக்குள்ளே, காட்டு எல்லை தாண்டி ஒரு மணி நேரம் நடந்தால் ஓடைக்கரையில் ஒரு கல். அதுதான் அம்மன். படம் கிடையாது, கோபுரம் கிடையாது. மாசி மாதம் சிவராத்திரி அன்று காலையில் பங்காளி வீடுகள் எல்லாம் சேர்ந்து போய்க் கும்பிட்டுவிட்டுச் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுவோம்.

என் மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. நான் அந்த அம்மனிடம் முந்தானையை விரித்து அழுதேன். பிள்ளை பிறந்தால் முதல் முடியை உன் காலடியில்தான் இறக்குவேன் என்று நேர்ந்துகொண்டேன். பேத்தி பிறந்தாள். முதல் வருஷம் குழந்தைக்குக் காய்ச்சல், அடுத்த வருஷம் குடும்பத்தில் ஒரு தீட்டு. இரண்டு சிவராத்திரி தவறிவிட்டது. அந்தப் பங்குனி வந்தால் அவளுக்கு மூன்று வயது முடிகிறது. முடி இடுப்பு வரை வளர்ந்துவிட்டது. கத்தரி படாத முடி. அதைப் பின்னிவிடும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் பொறு தாயே என்பேன். இந்த மாசியை விடக்கூடாது.

அந்த நேரத்தில்தான் வனத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காட்டுக்குள் இருக்கும் கோயிலுக்குப் போக வேண்டுமானால், அது பழைய கோயில் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இல்லையென்றால் இந்த வருஷம் முதல் அனுமதி இல்லை. ஓடைக்கரைக் கல்லுக்கு என்ன ஆதாரம் காட்டுவது? என் கணவரின் சித்தப்பா, பங்காளிகளில் மூத்தவர், "ஆத்தாவுக்கு ஆதாரம் கேக்குறாகளா?" என்று கடிதத்தைத் தூக்கி எறிந்தார். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் மாடிக்குப் போனேன். "சார், ஒங்க மேப்புல கோயிலெல்லாம் போட்டுருக்குமா?"

"பெரிய கோயில், சின்னக் கோயில் எல்லாத்துக்கும் அடையாளம் உண்டு. பழைய தாள். அந்தக் காலத்துல நேர்ல போய்ப் பாத்துப் போட்டது."

ஓடைக்கரை இடத்தை நான் சொல்லச் சொல்ல விரலை நகர்த்தினார். நீலக் கோடு ஓடை. அதன் கரையில் நின்றது விரல். அங்கே ஒன்றும் இல்லை. விரல் மெல்ல மேலே ஏறியது. கோடுகளைத் தாண்டித் தாண்டி, இரண்டு சிகரத்துக்கு நடுவே மலை தாழ்கிற இடத்துக்குப் போய் நின்றது. மலை தாண்டும் வழியின் உச்சியை நாங்கள் மெட்டு என்போம். அந்த மெட்டின் மேல் கறுப்பு மையில் கடுகளவு ஒரு கோயில்.

"உங்க கோயில் மேலே இருக்கும்மா. நீங்க கும்பிடுறது கீழே."

"எங்க மாமனாரு, அவுக அப்பா எல்லாம் கீழதான் கும்பிட்டாக."

"யாரு போய்ப் பாத்தது?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அம்மனைப் பார்த்து, நீ இருக்கிற இடம் தப்பு என்று சொல்ல இந்த ஆள் யார்?

மறுநாள் காய்கறி வாங்கப் போனேன். டீக்கடை பெஞ்சில் மேப்புக்காரரும் பாரஸ்ட் கார்டும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே நோட்டு. என்னைப் பார்த்ததும் மேப்புக்காரர் நோட்டை மூடினார். போதும், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடைக்கரையில் கோயிலே இல்லை என்று இவர் எழுதிக் கொடுக்கப்போகிறார். என் பேத்தியின் முடி தலையிலேயே நிற்கப்போகிறது.

அன்று மதியம் அவர் வெளியே போயிருந்தபோது மாடிக்குப் போனேன். என் வாழ்க்கையில் பிறத்தியார் பொருளைத் தொட்டதில்லை, அம்மன் அறிய. அன்று தொட்டேன். குழலிலிருந்து அந்தத் தாளை உருவி, நாலாக மடித்து, பூஜை அலமாரியில் அம்மன் திருநீற்றுச் சம்படத்துக்கு அடியில், சிவப்புத் துணிக்குக் கீழே வைத்தேன். "தாயே, இது உன் காலடியில் கிடக்கட்டும். நீயே பார்த்துக்கொள்" என்று விளக்கை ஏற்றினேன்.

சாயங்காலம் அவர் இறங்கி வந்தார். "பதினொரு தாள் இருந்தது. பத்துதான் இருக்கு."

"எலி இழுத்துருக்கும் சார்."

"எலியா?" என்றார். அப்படியே திரும்பி மேலே போனார். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகக் குனிந்து பார்க்கிற சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்து வந்து, "எலிப் புழுக்கை இல்லம்மா. கடிச்ச தூளும் இல்ல" என்றார். அவர் பார்வை என்னைத் தாண்டிப் பூஜை அறைக் கதவில் போய் நின்றது. பிறகு படியேறிப் போய்விட்டார். அவர் சந்தேகப்பட்டுச் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து விடிந்ததும் அந்தக் கார்டோடு மலைக்குப் போனார். பொழுது சாய்கிற நேரத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தார். வலது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. நான் மஞ்சள் பற்றுப் போடப் புளி கரைத்துக்கொண்டு வந்தேன். என் கணவர் கதவோரம் நின்றார்.

"மெட்டுல கோயில் இருக்கும்மா" என்றார் மேப்புக்காரர். "அடுக்கின கல்லு, உடைஞ்ச அகல் விளக்கு. கல்லுக்கு முன்னாடி ஒரு குழி. முழங்கை ஆழம். ஒழுங்காத் தோண்டி மேல பலகைக்கல்லை வச்சு மூடியிருக்கு. மிருகம் தோண்டினதில்ல, புதையலுக்குத் தோண்டினதும் இல்ல. யாரோ மரியாதையா மண்ணு எடுத்திருக்காங்க."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். தூரத்துக் கோயிலுக்குப் போக முடியாதவர்கள், சாமி நிற்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து வேறிடத்தில் வைத்து, அங்கே சாமியை நிறுத்திக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிடிமண் என்போம். நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் முகம் சுவர் மாதிரி வெளுத்துவிட்டது.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

அவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா சாகுறப்ப சொன்னாக. தாத்தா காலத்துல, மேல போற ஏத்தத்துல வயித்துப்பிள்ளைக்காரி ஒருத்தி விழுந்து பிள்ளைய விட்டுட்டா. அதுக்குப் பெறகுதான் பிடிமண்ணு எடுக்கலாம்னு போயிருக்காக. பூக்கட்டிப் பாத்துருக்காக."

பூக்கட்டிப் பார்ப்பது என்றால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

"என்ன பூ வந்துச்சு?"

"செவப்பு" என்றார். "ஆத்தா வேணாமுன்னுட்டா. ஆனா விழுந்தவ தாத்தாவோட கூடப்பொறந்தவ. அவரு கேக்கல. மண்ண எடுத்துட்டு வந்துட்டாக. வெளிய சொன்னா குடும்பத்துக்கு ஆகாதுன்னு மூத்த பிள்ளைக்கு மட்டும் சொல்லிச் சொல்லி மூடி வச்சுட்டாக."

எட்டு வருஷம். என் மகள் ஒவ்வொரு மாதமும் மூலையில் உட்கார்ந்து அழுதது, நான் விரதம் இருந்தது, டாக்டரிடம் அலைந்தது எல்லாம் என் கண் முன்னே வந்தது. இதனால்தானோ அதெல்லாம்? எனக்குத் தெரியாது. அம்மன் அப்படிப் பழிவாங்குகிறவள் இல்லை என்று ஒரு மனசு சொல்லியது. கேட்காமல் எடுத்த மண் அல்லவா என்று இன்னொரு மனசு. ஊர் பேர் தெரியாத ஆளை ஆறு மாதமாகச் சந்தேகப்பட்டேன். இத்தனை வருஷம் என் பக்கத்தில் படுத்தவர் நெஞ்சில் இவ்வளவு இருந்திருக்கிறது, எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

நானும் யோக்கியம் இல்லை. உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்தேன். குங்குமம் அப்பியிருந்தது. ஓரத்தில் ஒரு எண்ணெய்ச் சொட்டு. மேப்புக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தாளை விரித்து மடிப்புகளைத்தான் விரலால் நீவினார்.

"எந்த சாமிக்கு அடியில இருந்தது?"

"எங்க அம்மனுக்கு."

"பக்தியான எலி" என்றார். பிறகு, "பரவாயில்ல. அவங்க இடத்து மேப்பு அவங்ககிட்டதானே இருந்திருக்கு" என்றார்.

எங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான். அதைத்தான் நான் ஒளித்து வைத்திருந்தேன்.

வனத்துறை அலுவலகத்துக்குக் கிளம்பிய அன்று காலை சித்தப்பா வந்து மேப்புக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, மேப்புல இருக்கது எங்க ஓடைக்கரைக் கோயிலுதான்னு ஒத்த வார்த்த சொல்லிருங்க. அங்கன போயி யாரு அளக்கப்போறா?" நானும் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்காகச் சார்" என்றேன். அவள் அவருடைய நோட்டுப் பேனாவைப் பிடுங்கினாள்.

ரேஞ்சர் ஒரு இளம் பெண். பொறுமையாகப் பார்த்தார். "சார், இவங்க கும்பிடுற இடம் இதுதானா?"

"இல்லைங்க" என்றார் மேப்புக்காரர். "இவங்க கும்பிடுறது கீழே ஓடைக்கரையில. இவங்க கோயில் மேலே மெட்டுல. நான் போய்ப் பாத்தேன். ரெண்டுக்கும் நடுவுல பத்தொன்பது கோடு."

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். ரேஞ்சரம்மா தாளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கீழே இருக்கிறதுக்கு என்கிட்ட ஒரு பதிவும் இல்ல. மேலே இருக்கிறதுக்கு இது போதும். கார்டு கூட வருவாரு. மேலே நெருப்பு மூட்டக் கூடாது, தீக்காலம். நாலு மணிக்குள்ள இறங்கிடணும். ஏற முடியுமா உங்களால?"

வெளியே வந்ததும் சித்தப்பா வெடித்தார். "நல்லா இருக்குதய்யா! கீழ இருந்த ஆத்தாவ மலை மேல ஏத்திவிட்டுட்டீகளே! எங்க மக்க எப்படி ஏறும்?" மேப்புக்காரர் நொண்டிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

அன்று சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டார். தாளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இது பழைய தடம். பாருங்க, கோடுகளை நேரா வெட்டிக்கிட்டு ஏறுது. இந்த இடத்துல அஞ்சு கோடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது. அந்தம்மா விழுந்தது இங்கதான் இருக்கணும்." அந்த இடத்தில் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "நான் இறங்கி வந்தது காட்டுமாடு நடக்கிற தடம். காட்டுமாடு கோட்டை ஒட்டியே போகும். சுத்திச் சுத்திப் போகும், ஆனா மூச்சு வாங்காது. மனுசன்தான் கோட்டை வெட்டிக்கிட்டு ஏறுவான். கார்டுக்கு அந்தத் தடம் தெரியும். பத்தாவது திருப்பம் தாண்டினா கோடு விலகும். அங்க குழந்தையை இறக்கி உக்காருங்க."

"இதை நம்பிப் போகலாமா சார்?" என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவருக்குக் கோபம் வரவில்லை. "நம்பாதீங்க" என்றார். "வேலையில இருந்தப்ப ஒரே ஒரு தடவை, போய்ப் பாக்காம, ஒருத்தர் சொன்னதை நம்பி ஒரு மலையில ஊத்துன்னு அடையாளம் போட்டேன்."

"பெறகு?"

"அங்க தண்ணி இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். அந்தத் தாளை நம்பி யார் தாகத்தோடு அங்கே போனார்கள், என்ன ஆனார்கள், நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றும்.

"ஒரு உதவி பண்ணுங்க" என்றார். "மொத்தம் எத்தனை திருப்பம்னு எண்ணிட்டு வந்து சொல்லுங்க. கால் வலியில நான் எண்ணினது நிச்சயமில்ல."

சிவராத்திரி அன்று நாற்பது பேர் வரவேண்டிய இடத்தில் பதினொரு பேர்தான் வந்தோம். சித்தப்பா வரவில்லை. அடிவாரத்தில் பொங்கல் வைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டோம். ஓடைக்கரைக் கல்லின் முன் என் கணவர் விழுந்து கும்பிட்டு, அங்கிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து மடியில் கட்டிக்கொண்டார்.

நான் ஒவ்வொரு அடியையும் சந்தேகப்பட்டுத்தான் வைத்தேன். தடம் மேலே போகாமல் பக்கவாட்டிலேயே போகும். இந்த ஆள் நம்மைக் கேரளாவுக்கே நடத்திவிட்டாரோ என்று நினைப்பேன். அப்போது ஒரு திருப்பம் வரும். திரும்பிப் பார்த்தால் ஓடை அவ்வளவு கீழே கிடக்கும். எப்போது ஏறினோம் என்றே தெரியாது. எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது திருப்பம் தாண்டி நாலு எட்டு வைத்ததும் தரை தோசைக்கல் மாதிரி விரிந்தது. புல்லும் நிழலும். என் மகள் பொத்தென்று உட்கார்ந்து, "யம்மா, அவரு சொன்ன எடம்!" என்றாள். எனக்கு ஏனோ கண் நிறைந்துவிட்டது.

அதற்கு மேல் பேத்தி அழுதாள், தண்ணீர் கேட்டாள், கொலுசைக் கழற்றி எறிந்தாள். அதைக் குனிந்து தேடி எடுத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு எண்ணிக்கொண்டே போனேன்.

மெட்டில் காற்று ஆளைத் தள்ளியது. அடுக்கிய கல், உடைந்த அகல், மூடிய குழி. அவர் சொன்னபடியே. என் மகன், பிள்ளைக்குத் தாய்மாமன், மடியில் உட்காரவைக்க, பேத்தியின் முடி கற்றை கற்றையாக விழுந்தது. அவள் கத்திய கத்தலில் கார்டுகூடச் சிரித்துவிட்டார். என் கணவர் பலகைக்கல்லைப் புரட்டி, மஞ்சள் துணியை அவிழ்த்து, அந்த மண்ணைக் குழிக்குள் போட்டார்.

"பூக்கட்டிப் பாப்பமாங்க?" என்றேன் மெல்ல.

"வேணாம்" என்றார். "இன்னொரு தடவையும் செவப்பு வந்தா நான் எங்கன போவேன்?"

விளக்கு ஏற்றக்கூட முடியாது. கற்பூரத்தைக் கொளுத்தாமல் அப்படியே வைத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம்.

வீட்டுக்கு வந்தபோது மேப்புக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சரியாக அந்த அடிப்படியில், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு. பேத்தியின் மொட்டைத் தலையைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"எத்தனை?" என்றார்.

"இருபத்திரண்டு."

நோட்டை எடுத்து எழுதினார். "யாரு போய்ப் பாத்ததுன்னு கேக்கலையா?" என்று சீண்டினேன்.

"அதான் நீங்க போய்ப் பாத்துட்டீங்களே" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் பொங்கல் சாப்பிடக் கை கழுவப் போனபோது நோட்டை எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

சித்திரை முடிந்ததும் காலி செய்துகொண்டு போய்விட்டார். குங்குமம் ஒட்டிய தாளையும் குழலில் போட்டு எடுத்துப்போனார். கொடுத்துவிட்டுப் போன போன் நம்பர் கொஞ்ச நாளில் வேலை செய்யவில்லை. டீக்கடையில் பேச்சு இன்னும் ஓயவில்லை. பாரஸ்ட்டு ஆள், எஸ்டேட்டு ஆள், புதையல் ஆள். எதுக்காக வந்தார், அந்தக் கோடுகளையெல்லாம் யாருக்குக் கொடுத்தார் என்று எனக்கும் தெரியாது. நல்லவர் என்று சத்தியம் செய்யச் சொன்னால் யோசிப்பேன். பொய் சொல்லமாட்டார் என்று எங்கே வேண்டுமானாலும் சூடம் அணைப்பேன்.

அடுத்த வருஷம் பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள். சித்தப்பாகூடக் காட்டுமாட்டுத் தடத்தில், "நாந்தான் மொதல்லயே சொன்னேன்ல" என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு ஏறினார். இந்தத் தடவை பேத்தி தன் காலால் நடந்தாள். நான் யாரோடும் பேசாமல் எண்ணிக்கொண்டே போனேன். முந்தின வருஷம் அவள் கொலுசைத் தூக்கி எறிந்தாளே, அதைக் குனிந்து தேடின இடத்திலேயே ஒரு திருப்பம் இருந்தது. அதன் மேல்தான் நின்று தேடியிருக்கிறேன். இறங்கும்போதும் எண்ணினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாசியிலும் அந்தக் கல்லின் முன் குடும்பத்துக்கெல்லாம் வேண்டிக்கொண்டு எழுந்திருக்கும்போது கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

"இருபத்து மூணு, தாயே. அந்த மனுசன் எங்கன இருந்தாலும் சொல்லிரு."